ஹட்டன் மேல்மாடியில் ஆறு ஞாயிறுகள்: ஓர் இசைக் கேட்பறை பற்றிய மதிப்பீடு

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், வயலின் தந்திகளும் கித்தார்களும் சுருதிப்பெட்டிகளும் விற்கின்ற ஒரு சிறிய கடை இருக்கிறது. அதன் மேல்மாடியில், முன்பு சாமான் அறையாகக் கிடந்த இடத்தைத் துப்புரவாக்கி, 18 நாற்காலிகளைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் ஒலிப்பதிவுகளை அமர்ந்து கேட்கும் அமர்வுகளைக் கடைக்காரர் நடத்திவருகிறார். கூட்டம் வந்தால் இடம் கொடுக்க முடியாது என்பதால் கடையின் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்; நகரில் தந்தி வாங்குகின்ற எவரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு தொடங்கி, மழை பிடிக்கும் வரை ஆறு வாரங்கள், நம் காலத்துப் பெண்கள் ஆக்கிய மேலைத்தேயச் செவ்விசையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் நடத்திய தொடரின் ஆறு அமர்வுகளுக்கும் நான் சென்றேன். காசு கொடுத்துச் சென்றவள் என்ற முறையிலும், பிள்ளைகளுக்குச் சங்கீதம் கற்பிக்கிறவள் என்ற முறையிலும் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

நான் கற்றதும் கற்பிப்பதும் கர்நாடக சங்கீதம். என் வாத்தியம் வயலின். மேலைத்தேய சங்கீதம் என்று எங்கள் பாடசாலைகளில் ஒரு பாடம் இருப்பது உண்மை என்றாலும், தேயிலைத் தோட்டப்புறப் பாடசாலைகளில் அதற்கு ஆசிரியர் கிடைப்பது அரிது. எங்காவது ஒரு வகுப்பறைச் சுவரில் பாக், மொஸார்ட், பேத்தோவன் ஆகியோரின் படங்கள் தொங்கும். அந்த வரிசையில் ஒரு பெண்ணின் முகத்தை நான் கண்டதில்லை. இந்தக் குறை மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2021–22 இசைப் பருவத்தில் உலகின் 111 இசைக்குழுக்கள் வாசித்தவற்றை 'டொன்னே' (Donne) என்ற அமைப்பு கணக்கெடுத்தபோது, அவற்றில் பெண்களின் ஆக்கங்கள் 7.7 வீதமாகவே இருந்தன. பெரிய நகரங்களின் அரங்குகளிலேயே இந்த நிலை இருக்கும்போது, ஹட்டனில் ஒருவர் ஆறு ஞாயிறுகளை முழுமையாக அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார் என்பதை முதலிலேயே பாராட்டிச் சொல்ல வேண்டும்.

நுழைவுக் கட்டணம் 500 ரூபா. மாணவர்களுக்கு அதில் பாதி. அதற்குள் ஒரு பிளேன்டீயும் இரண்டு பருப்பு வடையும் அடக்கம். அமர்வு தொடங்கும்போது கடைக்காரர் எழுந்து நின்று, இசையமைப்பாளரின் பெயரை இரண்டு தடவை தெளிவாகச் சொல்வார், பிறந்த ஊரைச் சொல்வார், ஆக்கம் எழுதப்பட்ட ஆண்டைச் சொல்வார், உட்கார்ந்துவிடுவார். விளக்கம் அவ்வளவுதான். விளக்குகள் அணைக்கப்பட்டு இசை முடியும் வரை ஒருவரும் பேசுவதில்லை. முடிந்த பிறகு, கேட்டவர்களில் யாராவது ஓர் இடத்தைச் சுட்டிக் கேட்டால், அந்த மூன்று நான்கு நிமிடங்களை மட்டும் மறுபடியும் ஒலிக்கவிட்டு, அப்போது பேசுவார். கேட்பதற்கு முன் விளக்கத்தைக் கொட்டிக் காதை மூடிவிடாத இந்த ஒழுங்குதான் இந்தச் சேவையின் மிகப் பெரிய பலம் என்பது என் முடிவு. பல வருடங்களாகக் கற்பித்தும் நான் என் வகுப்பில் இதைச் செய்ததில்லை, இப்போது செய்யத் தொடங்கியிருக்கிறேன்.

முதல் ஞாயிறு சோஃபியா குபைதூலினாவுக்கு உரியது. 1931இல் தாத்தார் நிலத்தில் சிஸ்தோபோல் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் தாத்தார் இனத்தவர், தாயார் ரஷ்யர், தகப்பன்வழிப் பாட்டனார் ஒரு முல்லா. மாணவியாக இருந்தபோது அவருடைய இசை பிழையான பாதையில் போகிறது என்று குறை சொல்லப்பட்ட வேளையில், அந்தப் பிழையான பாதையிலேயே தொடர்ந்து போகும்படி பெரும் சோவியத் இசையமைப்பாளரான ஷொஸ்தகோவிச் அவரிடம் சொன்னார் என்பது இசையுலகம் அறிந்த செய்தி. 1979இல் சோவியத் இசையமைப்பாளர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹ்ரென்னிகோவ் மாநாட்டு மேடையில் பெயர் சொல்லிக் கண்டித்த ஏழு பேரில் அவரும் ஒருவர். 1992இல் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே 2025 மார்ச் 13இல் காலமானார்.

அன்று ஒலித்தது 'ஒஃபர்டோரியம்', அதாவது 'காணிக்கை' என்ற வயலின் கொன்செர்டோ; தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் ஆக்கம். 1980இல் எழுதி, பின்னர் இரண்டு தடவை திருத்தியது. கிடோன் கிரெமர் என்ற வயலின் கலைஞருக்காக ஆக்கியது. 1747இல் பிரஷ்ய மன்னர் பிரெடெரிக் பாக்குக்குக் கொடுத்த ஒரு மெட்டைக் குபைதூலினா எடுத்துக்கொள்கிறார். அந்த மெட்டின் ஒவ்வொரு சுரத்தையும் வெவ்வேறு வாத்தியத்துக்குப் பகிர்ந்து கொடுக்கிறார். மெட்டு முடிவதற்கு ஒரு சுரம் இருக்கும்போது வயலின் உள்ளே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, மெட்டு திரும்ப வரும் ஒவ்வொரு தடவையும் தலையில் ஒரு சுரமும் வாலில் ஒரு சுரமும் உதிர்ந்துகொண்டே போய், கடைசியில் நடுவில் இருந்த ஒரேயொரு சுரம் மிஞ்சுகிறது. அந்த ஒற்றைச் சுரத்திலிருந்து மெட்டு மறுபடியும் வளர்ந்து முழுமை பெறும்போது, அது பின்னிருந்து முன்னாகத் திரும்பி நிற்கிறது.

கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமான சிந்தனையன்று. முத்துசுவாமி தீட்சிதர் 'தியாகராஜ யோக வைபவம்' என்ற ஆனந்தபைரவிக் கீர்த்தனையில், அந்தத் தொடரையே தலையிலிருந்து படிப்படியாகக் குறைத்துக் கோபுச்ச யதி அமைத்திருக்கிறார். பசுவின் வாலைப் போல மேலே அகன்று கீழே ஒடுங்கும் அமைப்பு அது. ஆனால் குபைதூலினாவின் ஆக்கம் இரு பக்கமும் ஒடுங்கி நடுவில் ஒரு புள்ளியாகி மறுபடியும் அகல்வதால், அதை டமரு யதி என்று சொல்வதே பொருத்தம். எங்கள் கோவில்களில் சாமியாடியின் கையில் இருக்கும் உடுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இடை சிறுத்த அந்த வாத்தியத்தின் உருவத்தில் ஏறத்தாழ முப்பத்தைந்து நிமிடத்துக்கு ஓர் இசையை எழுதியிருக்கிறார். ஒற்றைச் சுரமாக மெட்டு ஒடுங்கிய இடத்தில் என் விரல்கள் மடியில் தாமாகவே இடம் தேடின. இறுதியில் தந்தி வாத்தியங்கள் தேவாலயப் பாடகர் குழுவைப் போல மெல்ல எழ, அவற்றுக்கு மேலே வயலின் உச்சத்தில் போய் நின்றபோது, முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் கைகூப்பியதை நான் பார்த்தேன்.

அதே நாளில் 'தெ புரொஃபுண்டிஸ்' என்ற 1978ஆம் ஆண்டு ஆக்கமும் ஒலித்தது. பயான் என்ற ரஷ்ய அக்கோர்டியன் ஒன்றுக்காக மட்டும் எழுதப்பட்டது. சுரம் எதுவும் ஒலிக்காமல் துருத்தி காற்றை மட்டும் வாங்கி விடுகின்ற இடங்கள் அதில் இருக்கின்றன. ஆர்மோனியத் துருத்தியின் மூச்சைச் சிறுவயதிலிருந்து பஜனைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மூச்சை மறைக்க வேண்டிய குறையாகவே கருதிவந்திருக்கிறோம். அதையே இசையின் உடலாக ஒருவர் ஆக்க முடியும் என்பது அன்று எனக்குப் புதிய பாடம்.

முதல் நாளிலேயே ஒரு பெரிய குறையும் தெரிந்தது. தாழ்ந்த ஒலிகளுக்கான ஒலிபெருக்கிப் பெட்டியை அறையின் மூலையில், பலகைத் தரையின் மேல் நேரடியாக வைத்திருந்தார்கள். பெரிய வெண்கலத் தட்டும் கொன்ட்ராபாஸ் வாத்தியங்களும் ஒலிக்கும்போதெல்லாம் தரை முழுவதும் அதிர்ந்து, மெல்லிய வயலின் சுரங்களை மூடிவிட்டது. இதைச் சொன்னபோது கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "டீச்சர், அடுத்த வாரம் பாருங்க" என்றார். மூன்றாம் வாரம் பார்த்தபோது பெட்டி மூலையை விட்டு மூன்றடி நகர்ந்திருந்தது. அதன் கீழே இரண்டு சீமெந்துக் கற்களும், கற்களுக்கும் பெட்டிக்கும் நடுவே பழைய டயர் ரப்பர்த் துண்டுகளும் இருந்தன. அதிர்வு முற்றாக நிற்கவில்லை என்றாலும் பெருமளவு தணிந்திருந்தது. சொன்ன குறையைக் காதில் போட்டுக்கொண்டு திருத்துகிறவர் நடத்தும் இடம் என்பதற்காக இதை விரிவாகக் குறிப்பிடுகிறேன்.

இரண்டாம் ஞாயிறு காயா சாரியாஹோ. 1952இல் ஹெல்சிங்கியில் பிறந்து, 1982 முதல் பாரிஸில் வாழ்ந்து, 2023 ஜூன் 2இல் மறைந்தவர். கணினியையும் வாத்தியங்களையும் ஒன்றுக்குள் ஒன்று கரையவைப்பதைப் பாரிஸின் 'இர்காம்' என்ற இசை ஆய்வு நிலையத்தில் கற்றுத் தேர்ந்தவர். முதலில், வயலின் இனத்துப் பெரிய வாத்தியமான செலோ ஒன்றுக்கான 'செத் பபியோன்', அதாவது 'ஏழு வண்ணத்துப்பூச்சிகள்', ஒலித்தது. அது சிவனொளிபாதமலைப் பருவம் முடியாத நேரம். ஹட்டன் நகரெங்கும் மலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் நிறைந்திருந்தார்கள். அந்த மலையைச் சிங்களத்தில் 'சமனல கந்த' என்பார்கள். சமனல என்றால் வண்ணத்துப்பூச்சி. பருவகாலத்தில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக அந்தத் திசையில் பறப்பதைத் தோட்டங்களில் இருக்கிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். வில் தந்தியைத் தொட்டும் தொடாமலும் போக, அடிச்சுரம் மறைந்து அதன் மேல்நாதங்கள் மட்டும் படபடக்கும் அந்த ஏழு சிறு ஆக்கங்களைக் கேட்பதற்கு ஹட்டனை விடப் பொருத்தமான ஊர் இருக்க முடியாது.

அதைத் தொடர்ந்து 'லமூர் த லுவான்' என்ற ஒபேராவை, அதாவது இசை நாடகத்தை, டிவிடியில் திரையிட்டார்கள். 'தொலைவிலிருந்து காதல்' என்பது அதன் பொருள். 2000இல் சால்ஸ்பர்க்கில் அரங்கேறியது. அதன் பாடல் உரையை எழுதியவர் லெபனானில் பிறந்த அமீன் மாலூஃப். 12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் இருக்கும் ஒரு பாணனும், கடலுக்கு அப்பால் திரிப்போலியில் இருக்கும் ஒரு சீமாட்டியும், இருவருக்கும் இடையே செய்தி சுமக்கும் ஒரு யாத்திரிகரும் என்று மூன்றே பாத்திரங்கள். நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஒபேரா இதை 2016இல் மேடையேற்றியபோது, 1903இல் எதெல் ஸ்மித்தின் ஒபேராவுக்குப் பிறகு ஒரு பெண்ணின் ஒபேரா அந்த மேடைக்கு வர 113 ஆண்டுகள் ஆகியிருந்தன. கதையில் நடப்பது மிகச் சொற்பம். கடலும் காத்திருப்பும்தான் முழு ஒபேராவும். 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னார் வழியாக இந்தியாவுக்குப் போன உறவுகளின் கடிதங்களுக்காகக் காத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, 'அழுகைக் கோச்சி' என்று அந்த ரயிலுக்குப் பெயர் வைத்த மக்களுக்கு, அந்தக் கடலின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் திரையில் ஓடிய எழுத்துகள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததால், வந்திருந்த பிள்ளைகளில் பலர் பாதியில் களைத்துவிட்டார்கள். கதைச் சுருக்கத்தையாவது தமிழில் ஒரு தாளில் கொடுத்திருக்க வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு கொரியாவின் உன்சுக் சின். சியோலில் 1961இல் பிறந்து, ஹம்பர்க்கில் இசையமைப்பாளர் லிகெத்தியிடம் கற்று, பெர்லினில் வாழ்கிறவர்; வயலின் கொன்செர்டோவுக்காக 2004இல் குரோமையர் விருதும், 2024இல் எர்ன்ஸ்ட் ஃபொன் சீமென்ஸ் விருதும் பெற்றவர். 'ஷு' என்ற 2009ஆம் ஆண்டு ஆக்கத்தில் இசைக்குழுவின் நடுவே நிற்பது செங் என்ற சீன வாத்தியம். மூங்கில் குழாய்களைக் கட்டாகச் சேர்த்தது, மூச்சை ஊதும்போதும் ஒலிக்கும், உள்ளிழுக்கும்போதும் ஒலிக்கும். ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் மின்சாரம் போய்விட்டது. நாற்பது நிமிடம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிளேன்டீ குடித்துக் காத்திருந்தோம். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடராமல், முதலிலிருந்தே மறுபடியும் ஒலிக்கவிட்டார் கடைக்காரர். கடைசி பஸ்ஸை நினைத்துச் சிலர் எழுந்து போனார்கள். ஆனாலும் அவர் செய்தது சரி. நடுவில் அறுந்த இசையை ஒட்டிக் கேட்க முடியாது.

நான்காம் ஞாயிற்றைப் பற்றி எழுதுவதற்காகவே இந்த மதிப்பீட்டை எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னாலும் பொருந்தும். அன்று ஒலித்தது அமெரிக்கரான ஜூலியா வுல்ஃப் எழுதிய 'அந்த்ரசைட் ஃபீல்ட்ஸ்'. அந்த்ரசைட் என்பது கடினமான, புகை குறைந்த நிலக்கரி. பென்சில்வேனியா மாநிலத்தில் அந்தக் கரியை வெட்டியெடுத்த தொழிலாளர்களைப் பற்றி, பாடகர் குழுவுக்கும் ஆறு வாத்தியக்காரர்களுக்குமாக எழுதப்பட்ட, ஒரு மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட ஆக்கம். 2014இல் பிலடெல்பியாவில் முதன்முதலாகப் பாடப்பட்டு, 2015இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசைப் பெற்றது. வுல்ஃப் பிறந்ததும் 1958இல் அதே பிலடெல்பியாவில்தான்.

முதல் பகுதியில் பாடகர்கள் பெயர்களைப் பாடுகிறார்கள். 1869 முதல் 1916 வரை பென்சில்வேனியச் சுரங்க விபத்துகளில் சிக்கியவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அது மிக நீண்ட பட்டியல் என்பதால், ஜோன் என்ற முதற்பெயரும் ஓரசையில் முடியும் குடும்பப் பெயரும் கொண்டவர்களை மட்டும் வுல்ஃப் பொறுக்கி எடுத்து, அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார். ஜோன் என்ற ஒரே பெயர் திரும்பத் திரும்ப வர, பின்னொட்டாக வரும் ஓரசைப் பெயர் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. கீழே வாத்தியங்கள் நிலத்தடி இருட்டைப் போல முழங்குகின்றன. இரண்டு நிமிடம் கேட்டால் பட்டியல் போலத் தோன்றும். ஐந்து நிமிடம் கேட்டால் ஒவ்வொரு பெயரும் ஓர் ஆளாகி எழுந்து நிற்கும்.

அறையில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் தோட்டத்தில் பிறந்தவர்கள். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள். என்னோடு வந்திருந்த தரம் 10 மாணவி, இசை முடிந்த பிறகு, நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "டீச்சர், இது பெரட்டுல பேர் கூப்புடுற மாதிரியே இருக்கு. ஆனா யாரும் 'இருக்கேன்'னு சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றாள். நான் கேட்ட இசை விமர்சனங்களில் இதற்கு நிகரானது எனக்கு நினைவில் இல்லை.

என் அப்பாயி நாற்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். அவருடைய பெயர் செக்ரோலில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், ஊழியர் சேமலாப நிதிப் பத்திரத்தில் மூன்றாவது ஒரு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் எழுதிய ஏதோ ஒரு கை கடைசி எழுத்தை விட்டுவிட்டது. இன்னொரு கை இல்லாத எழுத்தைச் சேர்த்துவிட்டது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்காக அப்பா எடுத்த சத்தியக் கடதாசிகள் இன்னமும் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. பெயர் பிழையாகிப்போனால் ஒரு முழு ஆயுளின் உழைப்பும் பிழையாகிப்போகிறது என்பதை நேரில் பார்த்தவள் நான். ஆகவே, பத்திரத்தில் கிடந்த பெயர்களை எடுத்து, ஓர் எழுத்தும் பிசகாமல் பாடகர் குழுவின் வாயில் வைத்த அந்தப் பெண்ணுக்கு நான் மனதார வணக்கம் சொன்னேன்.

இரண்டாம் பகுதி, கரியிலிருந்து கல் பொறுக்கிய சிறுவர்களைப் பற்றியது. விரல்கள் இரத்தம் கசியும் வரை வெறுங்கையோடு பொறுக்கியவர்கள் அவர்கள். நான்காம் பகுதி மலர்களின் பெயர்களால் ஆனது. சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண், தங்கள் ஊரில் எல்லா வீட்டின் முன்னாலும் பூந்தோட்டம் இருந்தது என்று வுல்ஃபிடம் சொன்னதிலிருந்து பிறந்தது. தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக் காம்பரா வாசலில், பழைய மா டின்னில் செவ்வந்தியும் டேலியாவும் வளர்க்காத வீட்டை நான் பார்த்ததில்லை. அந்தப் பகுதியை மறுபடியும் போடும்படி கேட்டது நானல்ல, பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற கொழுந்துக் கங்காணி ஒருவர்.

கடைக்காரர் பிறகு சொன்ன ஒரு செய்தியையும் குறித்துக்கொண்டேன். 1911இல் நியூயோர்க் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்ததைப் பற்றி வுல்ஃப் எழுதிய 'ஃபயர் இன் மை மவுத்' என்ற இன்னோர் ஆக்கம் 2019இல் அரங்கேறியது. அதைப் பாட 146 பெண்களையும் சிறுமிகளையுமே மேடையேற்றி, முடிவில் இறந்தவர்கள் அத்தனை பேரின் பெயரையும் பாடவைத்தார். அதையும் அன்றே கேட்க விரும்பினோம், கடைக்காரர் மறுத்துவிட்டார். ஒரு நாளைக்கு இது போதும் என்றார். அவருடைய அளவறிந்த மறுப்பை நான் மதிக்கிறேன்.

ஐந்தாம் ஞாயிறு கரோலைன் ஷாவின் 'எட்டுக் குரல்களுக்கான பார்டிட்டா'. 2013இல் இதற்காகப் புலிட்சர் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 30; அந்த இசைப் பரிசை அவ்வளவு இளவயதில் அதற்கு முன் யாரும் பெற்றதில்லை. எட்டுப் பேர் பேசுகிறார்கள், மூச்சு விடுகிறார்கள், தொண்டைக்குள் முரலுகிறார்கள், திடீரென்று ஒரே கூட்டுச்சுரத்தில் வந்து நிற்கிறார்கள். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இந்த நாள்தான். திரும்பி வரும் பஸ்ஸில் முழுவதும் அதைப் போலவே பாடிக்கொண்டு வந்தார்கள். ஆயினும், இந்த ஆக்கத்தில் இனுயிட் பெண்களின் தொண்டைப் பாட்டு முறை எடுத்தாளப்பட்டதைக் குறித்து, இனுயிட் பாடகி தான்யா தகாக் 2019இல் கண்டனம் தெரிவித்திருந்தார். இதை அறையில் யாரும் குறிப்பிடவில்லை. பெயர் சொல்வதையே ஒழுங்காகக் கொண்ட ஓர் அறையில், அந்தப் பெண்களின் பெயரும் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைசி அமர்வில் மூன்று பேரை ஒரே மாலையில் அடைத்துவிட்டார்கள். ஐஸ்லாந்தின் அன்னா தோர்வால்ட்ஸ்டோட்டிரின் 'மெட்டாகொஸ்மோஸ்' 2018இல் நியூயோர்க் பில்ஹார்மோனிக் முதன்முதலாக வாசித்தது. மலையில் மூடுபனி இறங்கிப் பின் விலகுவதைப் போன்ற பேரொலி. கியூபாவில் 1943இல் பிறந்த தானியா லெயோனின் 'ஸ்ட்ரைட்', அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த 1920ஆம் ஆண்டின் நூற்றாண்டை ஒட்டி 19 பெண்களிடம் அதே இசைக்குழு கேட்டு வாங்கிய ஆக்கங்களில் ஒன்று. 2021இல் புலிட்சர் பரிசு பெற்றது. இந்த இரண்டுக்கும் உரிய நேரம் கிடைக்கவில்லை, காதும் களைத்திருந்தது. இன்னொரு ஞாயிறை ஒதுக்கியிருக்கலாம்.

ஆனால் அன்று கடைசியாக ஒலித்த ஜெனிஃபர் ஹிக்டனின் 'புளூ கதீட்ரல்' பதின்மூன்று நிமிடங்களையும் நான் மறக்கப்போவதில்லை. 1998இல் இறந்துபோன தம்பிக்காக அவர் எழுதி, 2000இல் அரங்கேறிய ஆக்கம். தம்பியின் பெயரில் 'புளூ' என்ற சொல் இருந்தது. அக்காவின் வாத்தியம் புல்லாங்குழல். தம்பியின் வாத்தியம் கிளாரினெட். மூத்தவள் என்பதால் புல்லாங்குழல் முதலில் தனியாகப் பாடுகிறது, பின்னர் கிளாரினெட் வந்து சேர்கிறது, இருவரும் உரையாடுகிறார்கள். முடிவுக்கு அருகில் புல்லாங்குழல் நின்றுவிட, கிளாரினெட் மட்டும் மேலே மேலே போகிறது. மிகத் தணிந்த மணியோசையோடு அது கரைகின்ற நேரத்தில் வெளியே பெருமழை பிடித்துத் தகரக்கூரையில் அடித்தது. கடைசிச் சில நொடிகள் எதுவும் கேட்கவில்லை. கடைக்காரர் காத்திருந்து, மழை விட்டதும், அந்தக் கடைசி மூன்று நிமிடத்தை மறுபடியும் ஒலிக்கவிட்டார். பஸ்ஸை விட்டவர்களை அவரே ஒரு வான் வண்டியில் ஏற்றி டிக்கோயா வரை கொண்டுபோய் விட்டார்.

இனிச் சில குறைகள். முதல் இரண்டு வாரங்களும் கொடுத்த குறிப்புத் தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து தமிழும் வந்தது, ஆனால் ஆக்கங்களின் பகுதிப் பெயர்கள் அதில் விடுபட்டிருந்தன. மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் யாரையாவது துணைக்கு அழைத்துவர வேண்டும். அமர்வுகள் நான்கு மணிக்குத் தொடங்குவதால் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தவர்கள் கடைசிப் பகுதியைக் கேட்காமலே எழுந்து போகிறார்கள். இரண்டரை மணிக்குத் தொடங்கினால் எல்லோருக்கும் உதவியாக இருக்கும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப்படுவது வேறொரு குறை. பின்லாந்து, கொரியா, கியூபா என்று உலகம் முழுவதும் போன தொடர், தமிழில் பாட்டுக் கட்டிய பெண்கள் பக்கம் திரும்பவேயில்லை. நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் எழுதிய மதுரை அம்புஜம் கிருஷ்ணாவை ஒரு மாலையில் வைத்திருக்கலாம். மேலைத்தேயச் செவ்விசை என்ற வரையறைக்குள் அவர் வரமாட்டார் என்பது கடைக்காரரின் பதில். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 1930களில் இதே ஹட்டனைத் தளமாகக் கொண்டு இயங்கிய தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகத் தாமே பாட்டுக் கட்டி, கூட்டம் கூட்டமாகச் சென்று பாடியவர். ஜூலியா வுல்ஃபைக் கேட்ட மாலையில் அவருடைய பெயரையும் ஒரு தடவை எழுந்து நின்று சொல்லியிருந்தால், அறையில் இருந்த பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரிலேயே ஒரு முன்னோடி இருந்தார் என்பது தெரிந்திருக்கும். இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் தமது குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பெயரை என்னிடம் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்ததும் அடுத்த தொடர் தொடங்கும் என்று சொல்லியிருக்கிறார். போக நினைப்பவர்கள் புதன்கிழமைக்கு முன்னதாகவே கீழே கடையில் பெயரைப் பதிந்துவிடுங்கள். ஸ்வெட்டர் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், ஐந்து மணிக்குப் பிறகு அறை குளிர்ந்துவிடும். முன்வரிசையில் உட்கார்ந்தால் இடப்பக்க ஒலிபெருக்கி மட்டும்தான் தெளிவாகக் கேட்கும். சாளரத்தை ஒட்டிய நாற்காலிகளில் பஸ் நிலையத்து இரைச்சல் ஏறிவரும். மூன்றாம் வரிசையில் நடு நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள்.